மருதாணியும் அவுரியும் போட்டால் நரை உண்மையிலேயே கருப்பாகுமா?

கோவைவாணி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. முன்நெற்றியிலும் இரண்டு காதோரத்திலும் நரை நன்றாகவே ஏறிவிட்டது, பின்பக்கம் இன்னும் கருப்புதான். இத்தனை வருடமும் கடையில் கிடைக்கும் கிரீம் டைதான் போட்டு வந்தேன், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன தடவை போட்ட அன்று ராத்திரியே தலை முழுக்க அரிப்பு, மறுநாள் காலையில் நெற்றியும் இமையும் வீங்கிக் கண்ணையே திறக்க முடியவில்லை. தோல் மருத்துவர் மாத்திரை கொடுத்துச் சரிசெய்தார், ஆனால் இனிமேல் அந்த வகை டையைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நரையோடு அப்படியே இருந்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் இன்னும் சில வருடம் கருப்பு முடியோடு இருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சாகத் தெரியும், என் சித்தி தலையில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அவுரி என்ற நீலச்சாயச் செடியின் இலைப் பொடியைப் போட்டால் கருப்பாகும் என்கிறார்கள். யூடியூபில் ஒருவர் இரண்டையும் ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார், இன்னொருவர் தனித்தனியாகப் போடு என்கிறார், வேறொருவர் இரும்புச் சட்டியில் டீத்தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்கிறார், பீட்ரூட் சாறு, காபித்தூள் என்று அது ஒரு பக்கம். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிச்சம். உண்மையாகவே போட்டு வருபவர்கள் சொல்லுங்கள்.

இன்னும் சில சந்தேகங்கள். பழைய டை முடியில் பாதிக்கு மேல் இருக்கிறது, அதன் மேல் போடலாமா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர், சோப்பு நுரையே வராது. எனக்கு சைனஸ் வேறு உண்டு, மருதாணி குளிர்ச்சி, தலைபாரம் வந்துவிடும் என்று அம்மா பயமுறுத்துகிறார்.

சீயக்காய்க்காரி:

வாணி, கருப்பாகும். பல வருடமாக நான் போடுவது இது மட்டும்தான், என் தலையில் பாதிக்கு மேல் நரை. ஆனால் டை மாதிரி அரை மணியில் முடிகிற வேலை இல்லை, ஒரு பகல் முழுவதையும் இதற்கென்று ஒதுக்க வேண்டும்.

செய்முறைக்கு முன்னால் இந்த இரண்டு இலையும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் எந்த வீடியோ எதைச் சொன்னாலும் சரியா தப்பா என்று உங்களுக்கே புரிந்துவிடும். மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு ஆரஞ்சுச் சாயம் இருக்கிறது. அது முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிவிட்டால் எத்தனை குளியலுக்கும் போகாது. பொடியிலிருந்து அந்தச் சாயம் வெளியே வருவதற்குச் சில மணி நேரம் வேண்டும், கொஞ்சம் புளிப்பு இருந்தால் நல்லது. அவுரி இதற்கு நேர் எதிர். வெதுவெதுப்பான தண்ணீர் பட்ட உடனே அந்த இலையில் இருக்கும் பொருள் உடைந்து, நிறமே இல்லாத இண்டாக்சில் என்ற பொருளாக மாறுகிறது, அது முடிக்குள் புகுந்து அங்கே காற்றுப் பட்டுத்தான் நீலமாகிறது. கிண்ணத்திலேயே காற்றுப் பட்டு நீலமாகிவிட்டால் அதற்கப்புறம் அது முடிக்குள் போகாது, மேலே பூசிக் கழுவியதாகத்தான் இருக்கும். அதனால் அவுரிக்குப் புளிப்பும் ஆகாது, காத்திருப்பதும் ஆகாது. மருதாணியையும் அவுரியையும் சேர்த்து எலுமிச்சை பிழிந்து ராத்திரியே ஊறவை என்று யாராவது சொன்னால் அந்த வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள், அதில் அவுரி காலையிலேயே செத்துப்போயிருக்கும்.

ஆரஞ்சு ஏறிய நரையின் மேல் நீலம் ஏறினால் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். வெறும் நரையில் அவுரியை மட்டும் போட்டால் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் நீலமும் பச்சையுமாகத் தெரியும். மருதாணிதான் அஸ்திவாரம்.

நான் செய்வது இப்படி. முந்தின நாள் ராத்திரி மருதாணிப் பொடியை ஆறிய டீ டிகாஷனிலோ தண்ணீரிலோ ஒரு கரண்டி நெல்லிக்காய்ப் பொடி சேர்த்துக் கட்டி தட்டாமல் இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து மூடி வைப்பேன். எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம், ஆனால் நிறைய விட்டால் முடி வறண்டுபோகிறது. வெயில் காலத்தில் ராத்திரி முழுக்கக்கூடத் தேவையில்லை, நாலைந்து மணி நேரத்தில் மேல்பக்கம் பழுப்பாக மாறிவிடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், ஆரஞ்சு தெரிந்தால் தயார். தயிர், முட்டை எதுவும் சேர்க்க வேண்டாம். முடியில் ஒட்ட வேண்டிய சாயம் முட்டைப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வீணாகும். எண்ணெய் சேர்க்கவே கூடாது.

தலையை அன்று காலையிலேயே எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் அலசி வைத்திருக்க வேண்டும், கண்டிஷனர் போடக் கூடாது. கையுறை மாட்டிக்கொண்டு பகுதி பகுதியாக வகிடு எடுத்து வேரிலிருந்து தாராளமாகப் பூசுங்கள். நரை இருக்கும் இடத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். தோள் வரை முடி இருந்தால் 200 கிராம் பொடி வேண்டியிருக்கும், இடுப்பு வரை என்றால் 300-ஐத் தாண்டும். பிளாஸ்டிக் கவரைச் சுற்றி 3 மணி நேரம். காய்ந்துவிட்டால் சாயம் இறங்காது, அதனால்தான் கவர். அப்புறம் ஷாம்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசித் துண்டால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

இப்போது கண்ணாடியைப் பார்த்தால் நரையெல்லாம் செம்பு நிறத்தில் தகதகவென்று இருக்கும். பயப்பட வேண்டாம். அவுரிப் பொடியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள், கொதிக்கிற தண்ணீர் கூடாது. 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்தால் நரையில் நன்றாகப் பிடிக்கிறது. 10 நிமிடம் மூடி வைத்து உடனே பூச ஆரம்பித்துவிட வேண்டும், ஒருவர் கூட இருந்து பூசிவிட்டால் ரொம்ப நல்லது. கொரகொரவென்று இருக்கும், சொட்டும், பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். முதல் நாள் சிலருக்கு நரை பச்சை கலந்த மாதிரி தெரியும். அன்று எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள், அடுத்த இரண்டு நாளில் காற்றுப் பட்டு நிறம் ஆழமாகி நிலைக்கும். அந்த இரண்டு நாளும் ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். தலையணைக்குப் பழைய உறை போடுங்கள், நீலம் ஒட்டும்.

சைனஸ் பற்றி. ஈரமான பூச்சு மணிக்கணக்கில் தலையில் இருந்து காயும்போது குளிர்வது நிஜம். குளிர்காலத்திலும் மழை நாளிலும் போடாதீர்கள், காலை வெயில் ஏறியதும் ஆரம்பித்து மதியத்துக்குள் அலசும்படி பார்த்துக்கொள்ளுங்கள், மருதாணியை வெதுவெதுப்பாகப் பூசுங்கள், கவரின் மேல் ஒரு துண்டையும் சுற்றிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டும் முடியாது என்றால் இன்று மருதாணி, நாளை அவுரி என்று பிரித்துக்கொள்ளலாம், நிறத்துக்கு ஒன்றும் குறையாது. நானும் சைனஸ்காரிதான், இப்படிப் பிரித்துத்தான் செய்கிறேன்.

திண்டிவனத்தான்:

செய்முறையை அக்கா நன்றாகச் சொல்லிவிட்டார், நான் பொடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேருக்கு நிறம் பிடிக்காமல் போவது அங்கேதான். எங்கள் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் சாயத்துக்காக அவுரி விளைகிறது. பயறு வகைச் செடி, மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். விதைத்து மூன்று மாத அளவில் வெட்டினால் மறுபடி தழைத்து இன்னொரு வெட்டும் வரும். துணிச்சாயத்துக்கு என்றால் வெட்டிய பச்சைச் செடியைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு விட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் படப் படப் பச்சையாக இருந்த தண்ணீர் நீலமாகும், அடியில் தங்குவதை எடுத்துக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். 1897-ல் ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தியா முழுக்க நீலச் சாகுபடி சுருங்கிப்போனது, அதையும் தாண்டி இங்கே கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த நீலக்கட்டியைப் பொடி செய்து தலைக்குப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது, அது ஏற்கெனவே காற்றுப் பட்டு நீலமாகி முடிந்த சாயம், தண்ணீரில் கரையாது. தலைக்கு வேண்டியது இலைப் பொடி. இலையைப் பறித்ததும் புழுங்க விடாமல் சீக்கிரமாகக் காயவைத்து அரைத்திருக்க வேண்டும், அப்போதுதான் சாயம் உள்ளேயே இருக்கும். நல்ல பொடி பச்சையாக, பச்சைப்பட்டாணி வாசம் மாதிரி இருக்கும். கருப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ஏற்றுமதிக்காக நிலாவரை பயிரிடுகிறார்கள், பேதி மருந்துக்குப் போகும் இலை அது, உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர். அந்த ஊர்களில் அதையும் அவுரி என்றுதான் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் போய் வெறுமனே அவுரிப் பொடி என்று கேட்டால் எதைக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. நிலாவரையை எத்தனை மணி நேரம் தலையில் வைத்தாலும் ஒரு துளி நீலம் வராது. தலைக்குப் போடும் சாய அவுரி, நீலி அவுரி என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வாங்கி வந்ததும் ஒரு கரண்டி பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து 10 நிமிடம் விடுங்கள், மேலே நீலமும் ஊதாவும் கலந்த ஏடு படிந்தால் அது அசல். அதைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் தடவி வைத்தால் பச்சை மெல்ல நீலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாறவில்லை என்றால் நிலாவரை, இல்லாவிட்டால் சத்துப் போன பழைய பொடி. காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும், அதற்காக மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

மருதாணிக்கு ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் பெயர் பெற்ற ஊர், 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் ஊர் இலையும் நல்ல இலைதான், வீட்டு மரத்து இலையை நிழலில் உலர்த்தி அரைத்துச் சலித்துக்கொள்ளலாம், சலிக்காவிட்டால் நாரும் குச்சியும் முடியில் சிக்கிக்கொண்டு கழுவவே அரைநாள் ஆகும்.

மருந்துக்கடைத் தம்பி:

வாணி அக்காவுக்கு ஒரு விஷயம், தயவுசெய்து இதைத் தவிர்க்காமல் படியுங்கள். உங்களுக்கு வந்த வீக்கம் பெரும்பாலும் டையில் இருக்கும் பாரா ஃபினைலீன் டயமின் என்ற பொருளால் வருவது, சுருக்கமாக பிபிடி. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்து திடீரென்று ஒருநாள் ஒவ்வாமை வருவது அதன் வழக்கமான போக்கு. ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறக்காது, அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரலாம். மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்து எதனால் வந்தது என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

நீங்கள் டையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுகிறேன் என்று கடைக்குப் போனால் அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. கருப்பு மருதாணி, ஹெர்பல் ஹென்னா, மூலிகை டை என்று இலைப் படம் போட்டு வரும் பாக்கெட்டுகளில் நிறைய இடத்தில் இதே பிபிடிதான் இருக்கிறது. மருதாணி ஒருநாளும் கருப்புச் சாயம் தராது. தண்ணீரில் கரைத்து அரை மணி நேரத்தில் நரை கருகருவென்று ஆகும் என்று எழுதியிருந்தால் அது இலையின் வேலையே இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள், பாரா ஃபினைலீன் டயமின், சோடியம் பிக்ரமேட், பேரியம் பெராக்சைடு என்று எது இருந்தாலும் வேண்டாம். இன்னொரு எளிய அடையாளம் உண்டு. புருவத்துக்கோ இமைக்கோ பயன்படுத்தக் கூடாது, கண்பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையும், பூசுவதற்கு முன் தோலில் சோதித்துப் பார்க்கச் சொல்லும் குறிப்பும் இந்த வகைச் சாயங்களின் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எச்சரிக்கை இருந்தால் முன்பக்கம் எத்தனை இலை படம் இருந்தாலும் அது உங்களுக்கானது இல்லை. பட்டியலே இல்லாத பாக்கெட் என்றால் அதைவிட மோசம். உள்ளே மருதாணி இலைப் பொடி என்ற ஒரே ஒரு பொருள், இன்னொன்றில் அவுரி இலைப் பொடி என்ற ஒரே ஒரு பொருள், அப்படித் தனித்தனியாக வாங்குங்கள்.

இலைப் பொடியாகவே இருந்தாலும் முதலில் சோதனை. மருதாணி கொஞ்சம், அவுரி கொஞ்சம், முழங்கை மடிப்பின் உள்பக்கம் அடுத்தடுத்து ஒரு ரூபாய் அளவுக்குப் பூசிக் கழுவிவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். அபூர்வம்தான், ஆனால் இலைக்கும் ஒவ்வாமை வரும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தோல் இப்போதுதான் ஆறியிருக்கிறது, இன்னும் சில வாரம் பொறுத்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

வீட்டில் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், மருதாணியே தொடக் கூடாது, லாசோன் தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இது எல்லோருக்கும் சொல்வது.

சாரதா அம்மா:

இவ்வளவு வேலை எதற்கு? என் தாயார் காலத்தில் இரும்புச் சட்டியில் நெல்லிமுள்ளி, கடுக்காய், டீத்தூள் போட்டுக் காய்ச்சி, அதில் மருதாணியைக் கலந்து ராத்திரி வைத்தால் காலையில் மை மாதிரி கருப்பாக இருக்கும். அதைத்தான் தேய்ப்போம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் எண்ணெய் காய்ச்சித் தினமும் தடவுவோம். அவுரியெல்லாம் கேட்டதில்லை. 70 வயது வரை அவர் தலை பழுப்பு கலந்த கருப்பாகத்தான் இருந்தது. வாணி, நீயும் அதைச் செய்து பாரம்மா.

சீயக்காய்க்காரி:

சாரதா அம்மா, அந்தச் சட்டி முறையை நான் மதிக்கிறேன். நெல்லி, கடுக்காய், டீ எல்லாவற்றிலும் துவர்ப்பு இருக்கிறது, அது இரும்போடு சேர்ந்து கருப்பாகிறது. பழைய காலத்தில் எழுதும் மையையே கடுக்காயும் இரும்பும் போட்டுத்தான் செய்தார்கள். ஆரஞ்சைக் கொஞ்சம் அடக்கிப் பழுப்பாகக் காட்ட அது நல்ல வழிதான், நரை குறைவாக இருப்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் சட்டியில் கலவை கருப்பாகத் தெரிவதால் முடியும் அதே கருப்பாகும் என்று வாணி எதிர்பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். முடிக்குள் போய் ஒட்டுவது மருதாணியின் சாயம், மேலே படிந்த கருப்பில் பெரும்பகுதி சில குளியலில் போய்விடும். முன்நெற்றி முழுக்க வெளுத்திருப்பவர்களுக்குச் செம்பழுப்புதான் கிடைக்கும். உங்கள் தாயாருக்குப் பழுப்பு கலந்த கருப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்த நிறம் பிடித்தால் அவுரியே வேண்டாம்.

கரிசலாங்கண்ணியின் சாறு கையைக் கருக்கும், ஆனால் நரைத்த முடிக்கு நிலையான சாயம் ஏற்றாது. எண்ணெயாகப் போடுவதில் தவறில்லை. பீட்ரூட், காபித்தூள் இரண்டும் அடுத்த குளியலோடு வடிந்துவிடும், அதற்குப் பொடியையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம்.

பழைய டை கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், வாணி. சுத்தமான இலைப் பொடியை டை போட்ட முடி மேல் போடலாம். சீப்பில் வரும் முடியைச் சேர்த்துச் சின்னக் கற்றையாகக் கட்டி அதில் மருதாணி, அவுரி இரண்டையும் போட்டுப் பாருங்கள், உங்கள் தலையில் என்ன நிறம் வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும், பொடி நல்ல பொடியா என்றும் தெரியும். ஆனால் இதற்கப்புறம் பார்லரில் முடியை வெளுக்க வைத்து வேறு நிறம் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், அவுரி ஏறிய முடியை வெளுத்தால் பச்சையாகிவிடும், அதை எடுப்பது பெரிய கஷ்டம். உலோக உப்பு கலந்த போலிப் பொடி போட்ட முடியில் பெராக்சைடு பட்டால் முடியே பொசுங்கிப் போகும்.

போர் தண்ணீருக்கு ஒரே வழி, கரைப்பதற்கும் மருதாணிக்கு முந்தைய கடைசி அலசலுக்கும் மட்டுமாவது குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு படிந்த முடியில் சாயம் சரியாக ஏறுவதில்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கிருதாக்காரன்:

ஆண்கள் யாரும் எழுதவில்லை, அதனால் நானும் சேர்ந்துகொள்கிறேன். எனக்குக் கருகரு கருப்பு வேண்டாம், 50 வயதுக்கு அடர்பழுப்பு போதும் என்று முடிவு செய்தேன், அதற்கு ஒரே தடவையில் பூசும் முறை இருக்கிறது. மருதாணியைத் தனியாக ஊறவைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அவுரியைத் தனிக் கிண்ணத்தில் தண்ணீரில் கரைத்து 10 நிமிடம் கழித்து இரண்டையும் அந்த நிமிடமே கலந்து உடனே பூச வேண்டும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது என்பதால் மருதாணியில் எலுமிச்சை வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். சம அளவு கலந்தால் நடுப்பழுப்பு, அவுரி இரண்டு பங்கும் மருதாணி ஒரு பங்கும் என்றால் அடர்பழுப்பு. இரண்டு, மூன்று மணி நேரம் வைக்கிறேன். ஆண்கள் முடிக்கு 100 கிராம் தாராளம். கருப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது, அக்கா சொன்ன இரண்டு கட்ட முறைதான் சரி. மீசை, தாடிக்கும் போடுகிறேன், ஆனால் தாடி முடி சாயத்தை லேசில் ஏற்காது, மறுநாள் அவுரி மட்டும் இன்னொரு முறை போட வேண்டியிருக்கிறது. வேர்த்தால் முதல் இரண்டு நாள் வெள்ளைச் சட்டைக் காலரில் நீலம் ஒட்டும், அலுவலகம் போகிறவர்கள் சனிக்கிழமை போட்டுக்கொள்ளுங்கள்.

கோவைவாணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் கேட்டேன், பிபிடிதான் என்று பரிசோதனையில் உறுதியானது. சுத்தமான இலைப் பொடி என்றால் கையில் சோதித்துவிட்டுப் போடலாம் என்றார். திண்டிவனத்து அண்ணா சொன்ன மாதிரி இங்கே நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியைக் கரைத்துத் துணியில் தடவிப் பார்த்தேன், மஞ்சள் பச்சையாகவே இருந்தது, நீலமே வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் வயிறு சுத்தமாக இதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்கிறார்! நல்லவேளை தலையில் வைக்கவில்லை. வேறு இடத்தில் சாய அவுரி என்று சொல்லி வாங்கியது துணியில் நன்றாக நீலமானது. கையில் சோதனையும் சரி, ஒரு அரிப்பும் இல்லை.

போட்டும் விட்டேன். முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி. முதலில் கொஞ்சம் பச்சை தட்டியது, மூன்றாம் நாள் பார்த்தால் காதோரமும் உச்சியும் நல்ல கருப்பு, வெயிலில் மட்டும் லேசாகச் சிவப்பு தெரிகிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. தலைபாரமும் வரவில்லை. ஆனால் நெற்றி விளிம்பில் இருக்கும் குட்டி முடிகள் மட்டும் செம்பழுப்பாகவே நிற்கின்றன. அதற்கு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமா? அடுத்த தடவை எப்போது போடுவது? கரைத்த மருதாணி ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது, வைக்கலாமா?

சீயக்காய்க்காரி:

ரொம்ப சந்தோஷம் வாணி. முதலிலிருந்து வேண்டாம், மருதாணி அங்கே ஏறிவிட்டது, நீலம்தான் குறைவு. நெற்றி விளிம்பில் வேர்வையும் எண்ணெய்ப் பசையும் எப்போதும் இருக்கும், சீக்கிரம் காய்ந்தும் போகும். அந்த இடத்தை மட்டும் ஷாம்பு போட்டுக் கழுவி, இரண்டு கரண்டி அவுரியை உப்போடு புதிதாகக் கரைத்துக் கெட்டியாக அப்பி, மேலே பிளாஸ்டிக் துண்டை ஒட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். அடுத்த முறையிலிருந்து பூச ஆரம்பிப்பதே அந்த விளிம்பிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றித் தோலில் கறை படியாமல் இருக்க வாஸ்லின் தடவுவீர்கள்தானே, அது முடியின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை வேர் வெளுக்க ஆரம்பிக்கும்போது வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் மருதாணி போடுங்கள். ஒவ்வொரு தடவையும் நுனி வரை மருதாணி போட்டால் சாயம் அடுக்கடுக்காக ஏறி நுனி கருஞ்சிவப்பாகிவிடும். மங்குவது முதலில் அவுரிதான், அதனால் அவுரியை வேண்டுமானால் நுனி வரை இழுத்துவிடலாம். அவுரி போட்ட வாரம் முடி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், மூன்றாம் நாளுக்கு மேல் தேங்காய் எண்ணெய் வையுங்கள், சரியாகிவிடும்.

மிச்ச மருதாணியை மூடி ஃப்ரீசரில் வையுங்கள், அடுத்த மாதம் எடுத்து உறைந்தது இளகும் வரை வெளியே வைத்துப் போடலாம், சாயம் அப்படியே இருக்கும். வீட்டில் யாரும் புதினா சட்னி என்று எடுத்துவிடாமல் டப்பா மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். கரைத்த அவுரியை மட்டும் வைக்க முடியாது, மிஞ்சினால் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஆனால் உப்பு சேர்த்துக் கரைத்திருந்தால் செடிக்கு வேண்டாம், சாக்கடையிலேயே விட்டுவிடுங்கள்.